புராஸ்டேட் வீக்கம்: அடைப்பை நீக்கும் வழிகளும் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும்

நீலகிரியில் உறைபனி விழும் மார்கழி, தை மாத இரவுகளில் ஒரு முதியவர் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போனால், அதை வீட்டில் யாரும் நோயாக நினைப்பதில்லை. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவரும் சொல்வார், மற்றவர்களும் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. குளிரில் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்கி, உடலின் உட்பகுதிக்கு இரத்தம் கூடுதலாகச் செல்வதால், சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீரைப் பிரிக்கின்றன, வியர்வையும் குறைந்துவிடுகிறது. ஆனால் அடைப்பில்லாத ஒருவருக்குக் குளிரால் சிறுநீரின் அளவு கூடுமே தவிர, தாரை மெலிந்து போகாது. போய் நின்ற பிறகும் சிறுநீர் வருவதற்குக் காத்திருக்க வேண்டியிருப்பது, தாரை நூலாக இழைந்து விட்டுவிட்டு வருவது, முடிந்த பின்னும் சொட்டிக்கொண்டிருப்பது, முழுவதும் போகவில்லை என்ற உணர்வு நிற்பது, சித்திரை வெயிலிலும் இவை மாறாமல் தொடர்வது ஆகியவை குளிரின் வேலை அல்ல. ஐம்பதைக் கடந்த ஆணுக்கு இவை இருந்தால், முதலில் நினைக்க வேண்டியது புராஸ்டேட் வீக்கத்தைத்தான்.

கோத்தகிரிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் என் தந்தைக்கு இரண்டு குளிர்காலங்கள் இப்படியே கழிந்தன. மூன்றாவது குளிர்காலத்தில், மூக்கடைப்புக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்த இரவில், அவருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. நீர்க்கடுப்பு என்று எண்ணி, நாங்கள் பார்லித் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் காய்ச்சிக் கொடுத்தோம். வெளியே போகும் வழி அடைபட்டிருக்கும்போது உள்ளே நீரை ஊற்றுவது வலியைப் பெருக்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. பனிமூட்டத்தில் ஜீப்பில் அழைத்துச் சென்று, மருத்துவமனையில் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி ஏறக்குறைய ஒரு லிட்டர் சிறுநீரை வெளியேற்றிய பிறகுதான் அவர் வாய் திறந்து பேசினார். பிறகு கோவையில் ஒரு சிறுநீரியல் நிபுணரைப் பார்த்தபோது, அவர் மூன்று சிகிச்சை முறைகளின் பெயர்களைச் சொல்லி விளக்கினார். கதீட்டரும் பையுமாக உட்கார்ந்திருந்த தந்தையை அருகில் வைத்துக்கொண்டு, அவற்றின் வேறுபாட்டை எங்களால் சரியாக உள்வாங்க முடியவில்லை. அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. விந்து நீரின் ஒரு பகுதியை அது சுரக்கிறது. இளமையில் பெரிய நெல்லிக்காய் அளவில், ஏறக்குறைய 20 கிராம் எடையில், சிறுநீர்ப்பையின் வாய்க்கு நேர் கீழே அமைந்திருக்கிறது. மணியின் துளை வழியாக நூல் செல்வதுபோல், சிறுநீர் வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே செல்கிறது. வயது ஏறும்போது, ஆண் ஹார்மோனின் ஒரு வடிவம் தொடர்ந்து தூண்டுவதால், குழாயைச் சுற்றியுள்ள உட்பகுதி மெல்ல மெல்லப் பெருக்கிறது. மணி உள்நோக்கித் தடித்தால் துளை குறுகுகிறது. ஐம்பது வயதுகளில் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கும் இந்த வளர்ச்சி இருக்கும். இது புற்றுநோயன்று, நாளடைவில் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆயினும் ஒரே சுரப்பியில் இரண்டும் தனித்தனியே தோன்றக்கூடும் என்பதால் இரண்டையும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

ஸ்கேன் அறிக்கையில் சுரப்பியின் எடையைப் பார்த்துப் பலரும் அஞ்சுகிறார்கள். எடை மட்டும் நோயின் கடுமையைக் காட்டுவதில்லை. வெளிப்புறமாக விரிந்து 80 கிராம் ஆன சுரப்பி ஒருவருக்குப் பெரிய தொல்லை தராமல் இருக்கலாம். குழாயை நோக்கி வளர்ந்த 35 கிராம் சுரப்பி இன்னொருவரை இரவெல்லாம் எழுப்பலாம். எடை முக்கியமாவது வேறொரு இடத்தில்: எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும்போது. அதைவிட முக்கியமானது சிறுநீர்ப்பையின் நிலை. குறுகிய வழியில் நீரைத் தள்ளித் தள்ளி அதன் தசைச் சுவர் முதலில் தடிக்கிறது, பின்னர் களைத்துத் தளர்கிறது. மிகவும் தளர்ந்துபோன பைக்கு, பின்னர் வழியைத் திறந்துவிட்டாலும், தள்ளும் வலு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். ஆகவே தாங்கிக்கொள்ள முடிகிறது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது நல்லதன்று.

மருத்துவர் முதலில் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார். அதில் உள்ள 7 கேள்விகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 7க்குள் இருந்தால் தொல்லை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரமானது, 20 முதல் 35 வரை கடுமையானது. ஒரு கருவியில் சிறுநீர் கழிக்கச் சொல்லித் தாரையின் வேகத்தை அளப்பார்கள். உச்ச வேகம் வினாடிக்கு 10 மில்லிக்கும் கீழே இருந்தால் அடைப்புக்கான வாய்ப்பு அதிகம். கழித்த பின் பையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும். சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கான கிரியேட்டினின், புற்றுநோய் ஐயத்தைத் தெளிவுபடுத்த உதவும் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை ஆகியவையும் பார்க்கப்படும். கதீட்டர் போட்ட உடனேயும் சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும் பி.எஸ்.ஏ. அளவு தானாகவே உயர்ந்திருக்கும் என்பதால், அந்த நாட்களில் எடுத்த எண்ணை வைத்துக் கலங்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் போன்ற மாத்திரைகள் சுரப்பியின் தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே வழியை இளக்குகின்றன. ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு ஆகியவை சுரப்பியையே சுருக்குகின்றன. ஆனால் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். இவை பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், சோதனை எழுதும் மருத்துவரிடம் இம்மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். முதல் வகை மாத்திரைகளால் படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் சட்டெனக் குறைந்து தலை சுற்றலாம். இரவில் பனி படிந்த கற்படிகளில் இறங்கிக் கழிப்பறைக்குப் போகும் மலைவீடுகளில் இது சிறிய விஷயமன்று. எழுந்து இரண்டு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டே நடக்க வேண்டும். கண்புரை அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள், டாம்சுலோசின் சாப்பிட்டதுண்டு என்பதைக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது கட்டாயம். அது அறுவையின்போது கருவிழிப்படலத்தைத் தளரச் செய்கிறது.

மாத்திரையால் முடியாது என்ற நிலை எப்போது வருகிறது? சிறுநீர் அடியோடு நின்று, கதீட்டரை எடுத்த பின்னும் திரும்ப நிற்கும்போது. தொற்று அடிக்கடி வரும்போது. தேங்கிய நீரில் சிறுநீர்ப்பையில் கல் உருவாகும்போது. சிறுநீரில் இரத்தம் மீண்டும் மீண்டும் வரும்போது. பின்னழுத்தத்தால் சிறுநீரகங்கள் வீங்கிக் கிரியேட்டினின் உயரும்போது. இவை எதுவும் இல்லாவிட்டாலும், மாத்திரை சாப்பிட்டும் தூக்கமும் வெளிப் பயணமும் கெட்டுப்போகின்றன என்றால் அதுவும் போதுமான காரணமே. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் ஏறுவதற்கே அஞ்சி வீட்டோடு இருந்துவிடும் முதியவரின் துன்பத்தை மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

சிகிச்சைகளின் பெயர்கள் பலவாக இருந்தாலும், அவை செய்யும் வேலை அடிப்படையில் மூன்றே. வழியை அடைக்கும் சதையை வெட்டி எடுப்பது, அதை வேகவைத்தோ இரத்தத்தைத் தடுத்தோ தானாகச் சுருங்கச் செய்வது, வெட்டாமல் பக்கவாட்டில் ஒதுக்கிக் கட்டுவது. எந்தச் சிகிச்சையின் பெயரைக் கேட்டாலும், இது இம்மூன்றில் எது என்று முதலில் கேட்டுக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீரும்.

வெட்டி எடுக்கும் முறைகளில் மிகப் பழக்கமானது டி.யு.ஆர்.பி. இது 1930கள் முதல் உலகெங்கும் செய்யப்பட்டு வருகிறது; புதிய முறைகள் எல்லாம் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகின்றன. வயிற்றில் எந்தக் கீறலும் இல்லை. முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, சிறுநீர்க் குழாய் வழியாகவே தொலைநோக்கி போன்ற கருவியைச் செலுத்தி, அதன் நுனியில் மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சதையைச் சீவிச் சீவி எடுக்கிறார்கள். தேங்காய் மூடியைத் துருவுவதை நினைத்துக்கொள்ளலாம்: உள்ளிருக்கும் சதை துருவலாக வருகிறது, ஓடு அப்படியே நிற்கிறது. புராஸ்டேட்டுக்கும் அப்படியொரு ஓடு உண்டு. அதைத் தொடாமல் உட்புறத்தை மட்டும் குடைகிறார்கள். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். 30 முதல் 80 கிராம் வரையுள்ள சுரப்பிகளுக்கு இது நன்கு பொருந்துகிறது. அதைவிடச் சிறிய சுரப்பி என்றால், எதையும் எடுக்காமல் சிறுநீர்ப்பையின் கழுத்தில் ஒன்றிரண்டு கீறல் போட்டு வழியை அகலப்படுத்துவதே சிலருக்குப் போதும்.

துருவும்போது இரத்தம் கசிவதால், பார்வை தெளிவாக இருக்க இடைவிடாமல் ஒரு திரவத்தைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பழைய கருவிகளில் மின்சாரம் உடல் வழியே சென்றதால் உப்பில்லாத திரவத்தைத்தான் பயன்படுத்த முடிந்தது. அறுவை நீண்டுபோனால், அத்திரவம் திறந்த நாளங்கள் வழியாக இரத்தத்தில் கலந்து சோடியம் அளவைக் குறைத்து, குழப்பம், வாந்தி, சில நேரம் வலிப்புவரை கொண்டுபோய்விடும். பைபோலார் என்னும் புதிய கருவியில் சாதாரண உப்புநீரையே பயன்படுத்த முடிவதால் இந்த ஆபத்து நீங்கிவிட்டது. எனவே டி.யு.ஆர்.பி. செய்யலாம் என்று சொல்லப்படும்போது, அது பைபோலார் முறையா என்று கேட்பது, குறிப்பாக இதயநோய் உள்ளவர்களுக்கு, பொருளுள்ள கேள்வி.

ஹோலெப் எனப்படும் லேசர் முறையை 1990களில் நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கில்லிங் உருவாக்கினார். இங்கே துருவுவதில்லை. நன்கு காய்ந்த கொப்பரை சிரட்டையிலிருந்து முழுதாகக் கழன்று வருவதுபோல, ஹோல்மியம் லேசரால் ஓட்டுக்கும் சதைக்கும் இடையே வழி கண்டு, வளர்ந்த பகுதி முழுவதையும் கழற்றிச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே அதை அரைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். லேசர் வெட்டிக்கொண்டே இரத்தக் குழாய்களை அடைத்துக்கொண்டு போவதால் கசிவு குறைவு. பெரும்பாலும் ஓரிரு நாளில் கதீட்டரை எடுத்துவிடுகிறார்கள். 100 கிராமைத் தாண்டிய சுரப்பிக்கும் இது ஏற்றது. மறுபடி வளர்ந்து மீண்டும் அறுவைக்கு வருவோரும் மிகக் குறைவு. கற்றுத் தேற நெடுங்காலம் பிடிக்கும் முறை என்பதுதான் இதன் குறை. கருவியைவிடக் கையின் பழக்கமே இதில் முக்கியம் என்பதால், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. துலியம் லேசரிலும் இதே வேலையைச் செய்கிறார்கள். பச்சை லேசர் எனப்படுவது சதையைக் கழற்றாமல் ஆவியாக்கிவிடுகிறது. இரத்தம் உறையாமைக்கான மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கு இது ஏற்றது, ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சதை மிஞ்சாது.

மிகப் பெரிய சுரப்பிக்கு அடிவயிற்றைத் திறந்து செய்யும் அறுவையும் இன்னும் வழக்கில் இருக்கிறது. இந்திய மருத்துவப் பணியில் நீண்ட காலம் இருந்து லண்டன் திரும்பிய பீட்டர் ஃப்ரேயர், 1900களின் தொடக்கத்தில் இதைப் பரப்பினார். பலன் உறுதியானது; ஆனால் இரத்த இழப்பும் புண் ஆறும் காலமும் அதிகம் என்பதால், ஹோலெப் கிடைக்கும் இடங்களில் இதன் தேவை குறைந்து வருகிறது.

சுருங்கச் செய்யும் முறைகளில் ரெசூம் என்பது நீராவியைப் பயன்படுத்துகிறது. சிறு ஊசி வழியாக ஒவ்வோர் இடத்திலும் 9 வினாடி நீராவியைச் செலுத்த, வெந்த திசுவை உடல் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. செய்து முடிக்கச் சில நிமிடமே ஆகும். ஆனால் முதலில் வீக்கம் கூடுவதால் சில நாள் கதீட்டர் இருக்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். புராஸ்டேட்டுக்குச் செல்லும் இரத்தக் குழாயை, கை அல்லது தொடை வழியாகச் சென்று நுண்துகள்களால் அடைக்கும் எம்பொலைசேஷன் முறை, மயக்க மருந்தைத் தாங்க முடியாத நோயாளிகளுக்கு ஒரு வழி. ஒதுக்கிக் கட்டும் முறையான யூரோலிஃப்ட், திரைச்சீலையை இரு புறமும் இழுத்துக் கட்டுவதுபோல், சதையைச் சிறு கம்பித் தையல்களால் பின்னிழுத்து நிறுத்துகிறது. உடனே வீடு திரும்பலாம். ஆனால் சதை அப்படியே இருப்பதால், 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்கு மறுபடியும் சிகிச்சை தேவைப்பட்டது. இம்முறைகள் பெருநகரங்களின் சில மருத்துவமனைகளில்தான் கிடைக்கும்.

இத்தனை குறை இருந்தும் இந்த எளிய முறைகளை ஏன் சிலர் விரும்புகிறார்கள் என்பதற்கான காரணத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை; மருத்துவரும் அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிடக்கூடும். டி.யு.ஆர்.பி., ஹோலெப் போன்ற முறைகளுக்குப் பிறகு, பெரும்பாலானவர்களுக்கு உறவின்போது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் சென்று, பின்னர் சிறுநீரோடு கலந்து போய்விடும். உடலுக்கு இதனால் தீங்கில்லை, இன்ப உணர்வும் பெரும்பாலும் மாறுவதில்லை, விறைப்பும் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் இதை முன்னரே அறியாத ஒருவர், தமக்கு ஆண்மையே போய்விட்டது என்று மனம் உடைந்துபோகிறார். நீராவி முறையிலும் யூரோலிஃப்டிலும் இந்த மாற்றம் அரிது. எழுபது வயதில் இதெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் முடிவு செய்யக் கூடாது. கேள்வியைக் கேட்கவும் விடையை எடை போடவும் வேண்டியவர் நோயாளியே.

அறுவைக்கு முன், இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மருந்துகளைப் பற்றி இதய மருத்துவரும் சிறுநீரியல் மருத்துவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். தாமாக நிறுத்துவது ஆபத்து. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தாங்கள் செல்லும் மருத்துவமனையில் எந்த முறைக்கு அது செல்லும் என்பதைச் சேர்வதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்வது நல்லது.

மலையில் வாழ்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய காலம் அறுவைக்குப் பின்னர் வருகிறது. முதல் நாள் மூன்று வழியுள்ள கதீட்டர் வழியாக உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். சிறுநீர் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகித் தெளியும். வீடு திரும்பிய பின் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணியிருக்கும்போது, ஏறக்குறைய 10 முதல் 14 நாட்களுக்குள், உள்ளே ஆறும் புண்ணின் பொருக்கு உதிர்ந்து மீண்டும் இரத்தம் வரக்கூடும். பெரும்பாலும் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். ஆனால் இரத்தம் கட்டியாகி வழியை அடைத்தால், உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். மழையில் பாதை சரிந்து நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், எமரால்டு பக்கமோ மஞ்சூர் பக்கமோ உள்ள ஊரிலிருந்து அந்த நேரத்தில் இறங்குவது எளிதன்று. ஆகவே அவசரமில்லாத அறுவையை மழைக்காலத்திலும் கடுங்குளிரிலும் வைத்துக்கொள்ளாமல் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளலாம் என்றும், முதல் இரண்டு வாரம் உதகை, குன்னூர் அல்லது சமவெளியில் உறவினர் வீட்டில் தங்கலாம் என்றும் நான் சொல்வேன். என் தந்தைக்குச் சுரப்பி 90 கிராமுக்கு மேல் இருந்ததால் ஹோலெப் செய்தோம். காரமடையில் அத்தை வீட்டில் பதினைந்து நாள் இருந்துவிட்டே மலையேறினார்.

நான்கு முதல் ஆறு வாரம்வரை விறகோ, தண்ணீர்க் குடமோ, தேயிலை மூட்டையோ தூக்கக் கூடாது. மலச்சிக்கல் வந்து முக்கினால் இரத்தம் வரும் என்பதால் கீரையும் பழமும் தினமும் வேண்டும். குளிரில் தாகம் தெரியாது என்றாலும் ஒரு நாளில் இரண்டு லிட்டர் நீர் பருக வேண்டும். முதல் சில வாரங்கள் அவசரமும் எரிச்சலும் சிறு கசிவும் இருக்கும். ஹோலெப்புக்குப் பின் கசிவு சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம், இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் அது படிப்படியாகக் குறைகிறது. நிரந்தரக் கசிவு நூற்றில் ஒருவர் அளவுக்கே காணப்படுகிறது. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், கட்டியாக இரத்தம், சிறுநீர் நின்றுபோவது ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

மூக்கடைப்பைத் திறக்கும் சளி மாத்திரைகளில் உள்ள ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்து புராஸ்டேட்டின் தசையையும் இறுக்குகிறது. தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் சிறுநீர்ப்பையின் வலுவைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருப்பதே வழக்கம். சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் மருந்துக்கடையில் தங்களுக்குப் புராஸ்டேட் தொல்லை உண்டு என்று சொல்லிவிட்டே சளி மருந்து கேட்க வேண்டும். நீராவி பிடித்தல் அவர்களுக்குப் பாதுகாப்பானது.

சதையைக் குடைந்தெடுத்த பிறகும் புராஸ்டேட்டின் ஓடு உடலில் இருக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவது அந்த வெளிப்பகுதியில்தான். எனவே எடுத்த சதையின் ஆய்வு அறிக்கையைப் பத்திரப்படுத்துவதும், சில மாதங்களுக்குப் பின் குறைந்து நிற்கும் பி.எஸ்.ஏ. எண்ணைக் குறித்துவைத்து, அதற்குப் பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துவருவதும் தேவை. என் தந்தை அந்த எண்ணைத் தம் ரேஷன் அட்டை உறையின் உட்புறத்தில் தேதியோடு எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுக்கொரு முறை, பங்குனியில், அதற்கெனவே கோவைக்கு இறங்கி வருகிறார்.